எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட: 28 லிட்டர் ஓடிஜியும் எங்கள் வீட்டு பேக்டு பாஸ்தாவும்

ஓடிஜி, அதாவது ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் ஒன்றாக இருக்கிற கரண்ட் அடுப்பு, வாங்கிப் பதினான்கு மாதம் முடிந்துவிட்டது. கடைக்காரர் கேக், பிஸ்கட், பன் என்று படம் காட்டித்தான் விற்றார். நானும் பெரியவளின் பிறந்தநாளுக்குக் கேக் சுடலாம் என்றுதான் வாங்கினேன். கேக் இதுவரை நான்கு முறை, பேக்டு பாஸ்தா எப்படியும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். அதனால் நான் எழுதப்போவது முழுக்க வேலைநாள் ராத்திரிச் சமையலை வைத்துத்தான். கேக் எப்படி வரும் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. சர்வீஸில் பட்ட பாட்டையும் கீழே சொல்லப்போகிறேன், எனக்கு ஒருமுறை நடந்ததை வைத்து ஒரு கம்பெனிப் பெயரைக் கெடுக்க மனம் வரவில்லை. 28 லிட்டர், 1500 வாட், மேலே இரண்டு ராடு, கீழே இரண்டு ராடு, உள்ளே சூட்டுக்காற்றைச் சுற்றிவிட ஒரு ஃபேன், முன்பக்கம் திருகுகள். இந்த அமைப்பில் பல கம்பெனிகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் விற்கின்றன. நான் கொடுத்தது 8,900 ரூபாய்.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். எனக்குத் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசிங் வேலை. வீடு வந்து சேர ஏழரை ஆகும், ஷிப்மென்ட் நெருங்கினால் அதுவும் இல்லை. அவர் நிட்டிங் யூனிட் பார்க்கிறார், ஒன்றரை ஷிஃப்ட் ஓடும் நாளில் எட்டரைக்கு மேல்தான் வருவார். வீட்டில் அத்தை, ஏழாவது படிக்கிற பெண், ஒன்றாவது படிக்கிற பையன், ஆக ஐந்து பேர். ராத்திரிக்குப் பெரும்பாலும் தோசை, சப்பாத்தி, ரொம்ப அலுத்துப்போன நாளில் குக்கரில் ஒரே விசிலாக அரிசிம்பருப்பு சாதம். அரிசிம்பருப்புக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன், அது எங்கள் ஊர்க்காரர்களுக்கு அம்மா மடி மாதிரி. ஆனால் வாரத்தில் மூன்று நாள் அதையே வைத்தால் சின்னவன் தட்டைத் தள்ளிவிடுகிறான்.

தோசைதான் என்னை ஓடிஜி பக்கம் தள்ளியது என்று இப்போது தோன்றுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேருக்குப் பதினெட்டு தோசை, ஒன்றுக்கு இரண்டரை நிமிடம் என்றாலும் முக்கால் மணி நேரம் கல் முன்னால் நிற்க வேண்டும். நாள் பூராவும் பையர் மெயிலுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்து நிற்கிற முக்கால் மணி நேரம் அது. ஒவ்வொருவராகச் சாப்பிட்டு எழுந்து போவார்கள், கடைசியில் நான் சுட்டுக்கொண்டு நானே நின்றபடி சாப்பிடுவேன். கல்யாணமாகிப் பதிமூன்று வருடத்தில் வேலைநாள் ராத்திரியில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தட்டோடு உட்கார்ந்தது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். ஓவனில் வைக்கிற சாப்பாட்டுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. உள்ளே வைத்து மூடினால் அரைமணி நேரம் அது என்னைக் கூப்பிடாது. நான் குளிக்கலாம், பையனின் டைரியைப் பார்க்கலாம், சும்மா காலை நீட்டி உட்காரலாம். வெளியே வரும்போது ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் வரும். இந்தப் பெட்டிக்கு நான் கொடுத்த காசு இதற்குத்தான் என்று வாங்கி ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

முதல் விஷயம் பிளக். கடையில் இருந்த பையன் எந்த பிளக்கில் வேண்டுமானாலும் சொருகலாம் என்றான், அது தப்பு. 1500 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பாயின்ட் அதற்குப் பற்றாது. கீசர், ஏசிக்குப் போடுகிற பெரிய 16 ஆம்பியர் பாயின்ட்தான் வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகவே கூடாது. எங்கள் சமையலறையில் பெரிய பாயின்ட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதிலும் கிரைண்டர். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி வயர் இழுத்து இன்னொரு பாயின்ட் வைத்தோம், ஆயிரத்துச் சொச்சம் ஆனது. ஓடிஜி விலையோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கரண்ட் பில் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். 1500 வாட்டில் நாற்பது நிமிடம் இடைவிடாமல் எரிந்தாலே ஒரு யூனிட்தான் வரும். உள்ளே சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் ராடை அணைத்து அணைத்துப் போடுவதால் அதற்கும் குறைவுதான் ஆகிறது. எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள். இரண்டு மாத ரீடிங்கில் பதினைந்து யூனிட்டைத் தாண்ட வழியில்லை. ஆனால் முதல் நூறு யூனிட் இலவசம் என்பதற்குள்ளேயே பில்லை அடக்கி வைத்திருக்கிற வீடாக இருந்தால் இந்தப் பதினைந்தும் கணக்கில் தெரியும், யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உள்ளளவு. லிட்டரை நம்பி வாங்காதீர்கள். எனக்கு வேலை பழக்கத்தில் எப்போதும் பையில் இன்ச் டேப் இருக்கும், கடையிலேயே கதவைத் திறந்து அளந்தேன். அகலம் பதிமூன்றரை இன்ச். 9க்கு 13 இன்ச் கண்ணாடித் தட்டை வைக்கலாம் என்று நினைத்திருந்தேன், அதன் இரண்டு பக்கக் காதையும் சேர்த்தால் பதினைந்து வருகிறது, கதவு மூடாது. எட்டு இன்ச் சதுரத் தட்டு, ஆழம் இரண்டரை இன்ச், அதுதான் இதற்குச் சரியாக இருக்கிறது. சுற்றிலும் காற்று போக இடமும் இருக்கும். 250 கிராம் பாஸ்தா, சாஸ், காய் எல்லாம் சேர்ந்து அதில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிற்கும், ஐந்து பேருக்கு வயிறு நிறையும். எட்டுப் பேருக்கு வேண்டுமென்றால் இந்த அளவு போதாது, நாற்பது லிட்டருக்கு மேல் பாருங்கள்.

முதல் நாள் காலியாகக் கால்மணி நேரம் எரியவிட வேண்டும். ராடில் பூசி வைத்திருக்கிற எண்ணெய் புகைந்து போகும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பாஸ்தா. இங்கே நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் முதல் ஆறேழு முறை எனக்கு எதுவுமே சரியாக வரவில்லை. பெட்டி மேல் குறை என்று நினைத்தேன், குறை எல்லாம் நான் செய்த விதத்தில் இருந்தது.

பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். ட்யூரம் கோதுமை ரவை என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். மைதா கலந்த மலிவான மக்ரோனி பச்சையாக ஒரே மாதிரிதான் இருக்கும், இரண்டாவது தடவை ஓவனில் வெந்ததும் களி ஆகிவிடும். சிறுதானிய பாஸ்தாவும் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், கிண்டும்போதே உடைந்து போனது. அதைத் தாளித்துச் சாப்பிடத்தான் லாயக்கு. வடிவத்தில் பென்னே எனக்குப் பிடிக்கும், குழலுக்குள் சாஸ் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வேகவைக்கிற நேரத்தில்தான் பாதிச் சூட்சுமம். பாக்கெட்டில் பதினொரு நிமிடம் என்று போட்டிருந்தால் எட்டாவது நிமிடமே வடித்துவிட வேண்டும். கடித்தால் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும், பல்லில் கொஞ்சம் நிற்கும். மீதி வேக்காட்டை ஓவனுக்குள் சாஸைக் குடித்துக்கொண்டு அது முடித்துக்கொள்ளும். தண்ணீர் இரண்டரை லிட்டர், அதில் கல்லுப்பு ஒன்றரை மேசைக்கரண்டி. வடித்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள், கொட்டிவிடாதீர்கள்.

தக்காளி சாஸ் என்றால் பாட்டிலில் வருகிற கெட்சப் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில் இரண்டு கிலோ தக்காளி, நன்றாகப் பழுத்ததாக. உடுமலை, கிணத்துக்கடவு பக்கம் விளைகிற தக்காளி எங்களுக்குத் தாராளமாக வரும், சீசனில் கொள்ளை மலிவு. நாட்டுத் தக்காளி மட்டும் போட்டால் புளிப்பு தூக்கும், பாதிக்குப் பாதி பெங்களூர்த் தக்காளி சேர்ப்பேன். பெரிய வெங்காயத்துக்குப் பதில் சின்ன வெங்காயம் ஒரு கை நிறைய, பொடிப்பொடியாக அரிந்து எண்ணெயில் பொறுமையாக வதக்கினால் அதிலேயே இனிப்பு வந்துவிடும், சர்க்கரை போட வேண்டியதில்லை. பூண்டு எட்டுப் பல். மூடி போட்டு அரைமணி நேரம், திறந்து பத்து நிமிடம். ஆரிகானோ பாக்கெட் தீர்ந்த ஒரு நாள் மாடித் தொட்டியில் இருந்து இரண்டு கற்பூரவல்லி இலையைக் கிள்ளிப் போட்டேன், அன்றிலிருந்து பாக்கெட் வாங்குவதை விட்டுவிட்டேன். இரண்டுக்கும் அந்த வாசனையைக் கொடுப்பது கார்வக்ரால் என்கிற ஒரே பொருள்தான். ஆனால் இரண்டு இலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நாலு போட்டால் சளிக்குக் கொடுக்கிற கஷாயம் ஆகிவிடும். ஆறியதும் மூன்று டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் மூன்று வாரத்துக்குக் கவலை இல்லை.

வெள்ளை சாஸ்தான் எனக்கு வெகுநாள் தண்ணி காட்டியது. 30 கிராம் வெண்ணெய், 30 கிராம் மைதா, அரை லிட்டர் பால், அளவு அவ்வளவுதான். வெண்ணெய் எங்களுக்கு ஊத்துக்குளியில் இருந்து வரும். பேர் பெற்ற வெண்ணெய், உப்பில்லாமல் வெள்ளையாக, மோர் வாசனை லேசாக அடிக்கும். பாக்கெட் வெண்ணெயைவிட அதில் ஈரம் கூட. நான் அது உருகிய உடனே மைதாவைக் கொட்டிக்கொண்டிருந்தேன், அந்த ஈரத்தில் மாவு பிசின் மாதிரி உருண்டு கட்டி கட்டியாக நின்றது. இப்போது சிறு தீயில் வைத்துச் சடசடவென்ற சத்தம் அடங்கும் வரை காத்திருக்கிறேன். நுரை மெல்ல வெளுத்து ஓரத்துக்கு ஒதுங்கும், அடியில் வெண்ணெய் கண்ணாடி மாதிரி தெளியும். நெய் ஆவதற்கு ஒரு நிமிடம் முன்னால் இருக்கிற அந்தக் கட்டத்தில் மைதாவைத் தூவி, பச்சை வாசம் போய் ரொட்டிக்கடை வாசம் வரும் வரை கிளறினால் போதும், நிறம் மாறக் கூடாது. பால் ஆறியதாக இருக்கட்டும், முதலில் ஒரு கரண்டி, கலந்து இறுகியதும் இன்னொரு கரண்டி, அப்புறம் மீதி மொத்தமும். மோர் கடைகிற சின்ன மத்து எந்த விஸ்க்குக்கும் குறைந்தது இல்லை. கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். ஜாதிக்காய் ஒரு துருவல். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராக ஜாதிக்காய் போடுகிறார்கள், சொந்தக்காரர் தோப்பில் இருந்து வந்த ஒரு காய் ஒரு வருடமாகத் துருவியும் தீரவில்லை.

காய் உங்கள் விருப்பம். எங்கள் வீட்டில் காரட், குடைமிளகாய், காளான். காளானை மட்டும் தனியாகப் பெரிய தீயில் வதக்கித் தண்ணீர் முழுக்க வற்றியதும் சேருங்கள், இல்லாவிட்டால் தட்டின் அடியில் குளம் கட்டும். பேக்கரி வாசலில், ரோட்டுக் கடையில் விற்கிற மசாலாக் காளான் என்றால் என் பெண் உயிரை விடுவாள், அதில் பாதிக்கு மேல் முட்டைக்கோஸ்தான். இதில் நிஜக் காளான் இருக்கிறது என்று அவளே தம்பிக்குச் சொல்லிக்கொடுத்துச் சாப்பிட வைக்கிறாள்.

சீஸில் ஏமாறாதீர்கள். மொசரெல்லா என்று முன்னால் பெரிதாகப் போட்டிருந்தாலும் பின்னால் சேர்மானத்தில் தாவர எண்ணெய் என்று இருந்தால் அது போலிச் சீஸ், சூட்டில் எண்ணெய் கக்கும், இழுபடாது. கட்டியாக வாங்கித் துருவுவது நல்லது, துருவி வருகிற பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள். மிச்சம் பிடிக்கலாம் என்று பன்னீரைத் துருவிப் போட்டுப் பார்த்தேன், அது உருகவே உருகாது. பன்னீர் சூடான பாலில் புளிப்பு சேர்த்துத் திரிப்பது, அதன் அமைப்பே வேறு, ஓவனில் காய்ந்து ரப்பர் ஆகிவிட்டது. 150 கிராம் மொசரெல்லா, அதன் மேல் பொடித்த ரஸ்க் இரண்டு கரண்டி. எல்லாம் சேர்த்துச் செலவு 300 ரூபாய்க்குள் அடங்கும், ஐந்து பேருக்கு.

முதல் நாள் ராத்திரி பாத்திரம் கழுவுகிற நேரத்தில் இதை எல்லாம் அடுக்கிவிடுவேன். கீழே தக்காளி, மேலே வெள்ளை சாஸில் புரட்டிய பாஸ்தா, மறுபடி தக்காளி, மேலே சீஸ். ஃபிரிட்ஜில் இருக்கிற ராத்திரியும் பகலும் பாஸ்தா சாஸை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதனால் எடுத்து வைத்த அந்த வடிதண்ணீரைச் சேர்த்துச் சாதாரணமாக வேண்டியதைவிட இளக்கமாகவே வைக்க வேண்டும். பார்க்கத் தண்ணியாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள்.

தட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டாவது மாதம் ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த கண்ணாடித் தட்டை நேராகச் சூடான ஓவனுக்குள் வைத்தேன். பத்தாவது நிமிடம் உள்ளே ஒரு சத்தம், குறுக்கே ஒரே கோடாக விரிந்து, மொத்தத்தையும் கண்ணாடிச் சில்லுக்குப் பயந்து குப்பையில் கொட்டினோம். பிள்ளைகள் அன்றைக்குப் பால் குடித்துவிட்டுப் படுத்தார்கள், அந்த முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. போரோசிலிகேட் கண்ணாடி சூட்டையும் குளிரையும் சாதாரணக் கண்ணாடியைவிடத் தாங்கும், அதையும் இப்படிச் சோதிக்கக் கூடாது. இப்போது ஏழு மணிக்குச் சீரியல் தொடங்கும்போது அத்தை தட்டை வெளியே எடுத்து வைத்துவிடுவார்கள், நான் வந்து முகம் கழுவுவதற்குள் குளிர் விட்டிருக்கும். எவர்சில்வர் தட்டும் நன்றாகவே வேலை செய்கிறது. அலுமினியக் கேக் டின் வேண்டாம், தக்காளிப் புளிப்பு அலுமினியத்தோடு சேர்ந்து வாயில் ஒரு இரும்பு ருசி அடிக்கும்.

சுடுவது: பத்து நிமிடம் முன்சூடு, 180 டிகிரியில் மேல் கீழ் இரண்டு ராடும் போட்டு இருபத்தைந்து நிமிடம், கடைசி ஐந்து நிமிடம் மேல் ராடு மட்டும் 220. ஆனால் திருகில் எழுதியிருக்கிற எண்ணை நம்ப முடியாது. தனியாக ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே தொங்கவிட்டேன். 180 வைத்தால் என் பெட்டி 165க்கும் 205க்கும் நடுவில் ஏறி இறங்குகிறது, பின்பக்க வலது மூலை மட்டும் சீக்கிரம் கருகுகிறது. பதினைந்தாவது நிமிடம் தட்டைத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும். கேக்குக்கு இந்த ஏற்ற இறக்கம் பெரிய குறை. பாஸ்தா இதை எல்லாம் பொருட்படுத்தாது, அதுவும் வேலைநாளுக்கு இது பொருந்துவதற்கு ஒரு காரணம்.

டைமர் திருகைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் வேண்டும் என்று நேராக ஐந்தில் வைத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. இருபது வரை திருகிவிட்டுப் பின்னால் ஐந்துக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளே விளக்கு இல்லை, ராட்டின் சிவப்பு வெளிச்சத்தில்தான் சீஸ் எவ்வளவு சிவந்தது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. வெளித்தகடு கை வைக்க முடியாத அளவு கொதிக்கும், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மேடையில் உள்தள்ளி வையுங்கள். தட்டை விளிம்பு வரை நிரப்பினால் சாஸ் பொங்கிக் கீழ் ராடில் வழிந்து வீடே புகையும். அதற்காகக் கீழ்த் தட்டில் ஃபாயில் விரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது சூட்டைத் தடுத்து ராடையே கெடுத்துவிடும், செய்யாதீர்கள்.

வெளியே எடுத்ததும் பத்து நிமிடம் தொடக் கூடாது. இது எங்கள் வீட்டில் பெரிய போராட்டம். உடனே வெட்டினால் சாஸ் ஓடிவிடும், பத்து நிமிடம் விட்டால் பாளமாக நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தில் பெண் தட்டுகளை எடுத்து வைக்கிறாள், பையன் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைக்கிறான், அவரும் வந்துவிடுகிறார்.

அத்தைக்கு முதலில் இதில் ஒப்புதலே இல்லை. "வெந்ததை மறுக்கா எதுக்குக் கண்ணு சுடோணும்?" என்றார்கள். நியாயமான கேள்விதான், நானும் வாயால் சொல்லிப் புரியவைக்க முயலவில்லை. ஒருநாள் ஓவனுக்குப் போகுமுன் ஒரு கரண்டியும் வெளியே வந்தபின் ஒரு கரண்டியும் ஒரே தட்டில் வைத்துக் கொடுத்தேன். முதலாவதில் பாஸ்தா தனி, சாஸ் தனி. இரண்டாவதில் மேலே மொறுமொறுவென்று ஒரு தோல், கீழே எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று ஊறி ஒரே பண்டமாக. நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, "நம்ம சந்தகைக்குத் தேங்காய்ப்பால் ஊத்தி ஊற வெக்கற மாதிரிதான்" என்றார்கள். சந்தகைக் கட்டையில் மாவைப் பிழிந்து பிழிந்து தோள் வலித்த தலைமுறை, நூலாக வருகிற மாவு எப்படி ருசியை இழுக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது ஓரத்தில் தட்டோடு ஒட்டிச் சிவந்திருக்கிற காந்தல் அவர்களுக்குத்தான், பிள்ளைகள் கேட்டாலும் கிடையாது. ஆனாலும் அப்புறம் ஒரு கை ரசம் சோறு சாப்பிட்டால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும், அதற்கு மத்தியானச் சோறு கொஞ்சம் எடுத்து வைத்துவிடுவோம்.

இத்தாலியின் தென்பகுதியில் இதை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடாகத்தான் செய்கிறார்கள், குடும்பம் மொத்தமும் கூடுகிற நாளுக்கு. பாஸ்தா அல் ஃபோர்னோ என்பார்கள், ஃபோர்னோ என்றால் ஓவன். எங்களுக்கு ஞாயிறு கறிக்குழம்புக்கு ஒதுக்கியாயிற்று, அதனால் இது செவ்வாய்க்கிழமைக்கு வந்துவிட்டது.

எட்டாவது மாதம் கீழ் ராடு ஒன்று செத்துப்போனது. மேலே சிவந்து கீழே சவசவ என்று வந்தபோதே சந்தேகம், வெளிச்சத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஒரு ராடு கருப்பாகவே இருந்தது. வாரண்டி இருந்தது. போன் செய்தால் இரண்டு நாளில் ஆள் வரும் என்றார்கள். பத்தொன்பது நாள், ஏழு போன். ஒவ்வொரு முறையும் புதிதாக முதலில் இருந்து சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு சனிக்கிழமை, சம்பளம் போடுகிற நாள், அவர் அரைமணி நேரம் ஒதுக்கி, பெட்டியை வண்டியில் வைத்துக் கட்டி சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோனார். அங்கே ராடு மாற்ற இருபது நிமிடம்தான் ஆனது, காசு வாங்கவில்லை. மாற்றிக்கொடுத்த பையன் தங்கமான பையன், திருகு லூஸாக இருந்த கதவுப் பிடியையும் சேர்த்து முறுக்கிக் கொடுத்தான். இருபது நிமிட வேலைக்குப் பத்தொன்பது நாள் ஒரு வீட்டை அலைக்கழித்தது எனக்கு இன்னும் கோபம்தான். பில்லைப் பத்திரமாக வையுங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள், பில்லில் அச்சு ஆறு மாதத்தில் மங்கிவிடுகிறது. போன் செய்து காத்திருக்காமல் நேரில் போய்விடுங்கள்.

ஏர் ஃப்ரையர் இருக்கிறதே, அது போதாதா என்று அலுவலகத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். நாலு லிட்டர் கூடையில் இரண்டு பேருக்குத்தான் வரும், ஐந்து பேருக்கு மூன்று ஈடு போட வேண்டும், அப்புறம் தோசைக் கல் முன்னால் நிற்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம். கனமான வாணலியில் உப்பைக் கொட்டிச் சூடாக்கி உள்ளே தட்டு வைத்து மூடியும் செய்து பார்த்திருக்கிறேன். வேகும், சீஸ் உருகும், மேலே சிவக்காது, ஏனென்றால் மேலிருந்து சூடு வருவதில்லை. அந்தச் சிவந்த தோல் இல்லாவிட்டால் என் பெண் இதை பேக்டு பாஸ்தா என்றே ஒத்துக்கொள்வதில்லை.

இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன், நாலு தோசையில் வேலை முடிந்துவிடும். நாலு பேருக்கு மேல், வேலைக்குப் போய்த் திரும்புகிற வீடு, சமையலறையில் பெரிய பாயின்ட் இருக்கிறது அல்லது போட முடியும் என்றால் தைரியமாக வாங்கலாம். கடைக்குப் போகும்போது இன்ச் டேப்பும், வீட்டில் இருக்கிற தட்டின் அளவை, காதோடு சேர்த்து எழுதிய சீட்டும் எடுத்துப் போங்கள். கதவை நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள், பாதியில் விட்டால் அது அப்படியே நிற்க வேண்டும், டமால் என்று விழக் கூடாது. உள்விளக்கு இருக்கிற மாடலுக்கு ஐந்நூறு அறுநூறு கூடக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், நான் அதைக் கொடுக்காமல் விட்டுவிட்டு பதினான்கு மாதமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.